அடிக்கட்டையும் அலவாங்கும்

தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், மழை விட்டு இரண்டு நாள் சென்ற ஒரு காலைப் பொழுதில், முதிர்ந்த தேயிலையைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு மலையில் நின்றுகொண்டிருந்தேன். தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் மலை என்றே தோட்டத்தார் சொல்வார்கள். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் அலவாங்கின் நுனியை ஒரு கட்டையின் அடியில் செலுத்தி, மறுமுனையைத் தோளில் தாங்கி மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்ததேயொழியக் கட்டை அசையவில்லை. பக்கத்து நிரையில் நின்ற பெரியவர் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, தூக்காத. கீழ அமுக்கு," என்று சொல்லி, வெட்டிக் கிடந்த ஓர் உருட்டுக் கட்டையை அலவாங்கு நுனியிலிருந்து அரை அடி தள்ளி அதன் கீழே வைத்தார். இளைஞன் மேல்முனையில் நெஞ்சை வைத்துச் சாய்ந்தான். மண்ணுக்குள்ளே 'மளுக்' என்று ஒரு சப்தம் கேட்டது. கட்டை ஓர் அங்குலம் எழுந்திருந்தது.

தூக்கும்போது அவன் செலவிட்டது தசையின் பலம். அமுக்கும்போது செலவிட்டது உடம்பின் பாரம். தசை களைத்துப்போகும், பாரத்துக்குக் களைப்பு கிடையாது. அலவாங்கு ஐந்தடி நீளமென்றும், தாங்குகட்டை நுனியிலிருந்து அரை அடியில் இருக்கிறதென்றும் கொண்டால், மனிதன் பக்கம் நாலரை அடியும் கட்டையின் பக்கம் அரை அடியும் ஆகிறது. அதாவது ஒன்பதுக்கு ஒன்று. 55 கிலோ எடையுள்ள ஒருவன் தன் பாரம் முழுவதையும் மேல்முனையில் இட்டால், நுனியில் எழும் விசை 495 கிலோ எடைக்குச் சமம், ஏறத்தாழ அரை டன். இதற்கு இயற்கை கேட்கும் விலையும் உண்டு: கை ஒன்பது அங்குலம் இறங்கினால் கட்டை ஓர் அங்குலமே எழும்பும். கிணற்றடித் துலாவிலும், நகராத தேர்ச் சக்கரத்துக்குப் பின்னே நீண்ட மரத்தைக் கொடுத்து நெம்பும் ஆட்களின் கைகளிலும் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் பழகிய சாஸ்திரம் இது. பாடப் புத்தகத்தில்தான் நெம்புகோல் என்ற பெயரில் வருகிறது.

இந்த மலைநாட்டில் அடிக்கட்டையின் சரித்திரம் தேயிலைக்கும் முந்தியது. கோப்பிக் காலத்தில் காட்டை அழித்தவர்கள், சரிவில் நின்ற மரங்களையெல்லாம் பாதி வெட்டி விட்டுவைத்து, உச்சியில் நின்ற பெருமரங்களை மாத்திரம் முழுவதும் வெட்டிச் சாய்ப்பார்களாம். அவை கீழ்வரிசையின்மேல் விழ, அது அடுத்ததன்மேல் விழ, ஒரு சரிவு முழுவதும் இடிமுழக்கத்தோடு தரையில் படுத்துவிடும். பிறகு தீயிடுவார்கள். எரிந்தது போக எஞ்சிய அடிக்கட்டைகளை எவரும் தொடுவதில்லை. அவற்றுக்கிடையிலேயே குழி வெட்டிக் கோப்பியை நட்டார்கள். 1869-இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியைக் கொண்டுபோனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, 1867-இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பட்டுப்போன கோப்பி மரங்களைக் கிளை களைந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள் என்றும், அங்கே அவை தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்றும் பழைய வரலாற்று நூல்கள் சொல்லுகின்றன. மேசைக் காலாகப் பயன்பட்டது மண்ணுக்கு மேலிருந்த பகுதி. மண்ணுக்குள் கிடந்த வேரையும் கட்டையையும் விலைக்குக் கேட்பாரில்லை.

கேட்பாரற்றுக் கிடந்த அந்த வேர்தான் பின்னாளில் பெரும் விலை கேட்டது. வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையில் பூஞ்சணம் குடியேறும். அதன் உணவு தீர்ந்ததும், அருகில் ஓடும் உயிருள்ள வேரைத் தொட்டுத் தேயிலைக்குள் புகுந்துவிடும். இலங்கையில் இதை ஆராய்ந்து எழுதியவர்களில் முதன்மையானவர் டாம் பெட்ச். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925-இல் ஏற்பட்டபோது அதன் முதல் பணிப்பாளராக வந்தவரும் அவரே. நிழலுக்காக வைத்த கிரெவிலியாவை, தோட்டத்தார் சவுக்கு என்றழைக்கும் அம்மரத்தை, வெட்டி அடியை விட்டுவிட்டால் உஸ்துலினா என்னும் வேரழுகல் அதிலிருந்து கிளம்பும். போரியா என்னும் செவ்வேர் நோயோ இன்னும் பிடிவாதமானது: நோய் கண்ட செடியைப் பிடுங்கிய பின்னும், மண்ணில் தங்கிய வேர்த்துண்டில் பல ஆண்டு உயிரோடிருந்து, புதிதாக நட்ட கன்றைப் பற்றும். ஆகையால்தான் பென்சில் பருமனுக்கு மேற்பட்ட வேர் ஒன்றையும் விடாமல் பொறுக்கியெடுக்க வேண்டுமென்பது விதியாயிற்று. கோடரியால் மேலே வெட்டி மண்ணைப் போட்டு மூடுகிற வேலை, வேலையே அல்ல. கட்டை வேரோடு வந்தாக வேண்டும். அதுவும் வேர்கள் நடுவில் அறுபடாமல், மெதுவாக, ஒரு சீரான விசையில் வர வேண்டும். அந்தச் சீரான விசையை நெம்புகோல்தான் கொடுக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் கட்டை வரும். வேர் உள்ளே தங்கிவிடும்.

1950களில் தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள அந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பதியமுறைத் தேயிலை இனங்கள் வெளிவந்து, பழைய விதைத் தேயிலையைக் கிளப்பிப் புதிது நடும் வேலை மலைநாடெங்கும் பரவியபோது இந்த வித்தையின் தேவை பன்மடங்காயிற்று. விதையிலிருந்து வளர்ந்த செடிக்கு ஆணிவேர் உண்டு. கிளைத்துண்டிலிருந்து வளர்ந்ததற்கு உண்மையான ஆணிவேர் கிடையாது. எழுபது எண்பது ஆண்டுகளாகக் கவ்வாத்துக் கத்திக்குத் தலையைக் கொடுத்து, மேலே வளர வழியின்றி அடியிலேயே பருத்த அந்தப் பழஞ்செடிகளின் ஆணிவேர், மலைக்குள் இறக்கிய ஆப்பைப்போல் நிற்கும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் ஒன்றுண்டு. நிழல்மரமானாலும் வேறெந்தப் பெருமரமானாலும், முதலில் அடியோடு ஒட்ட அறுத்துவிட்டுப் பிறகு கட்டையைப் பெயர்க்க முற்படுகிறவர்கள், தங்கள் கையிலிருந்த மிகச் சிறந்த நெம்புகோலைத் தாங்களே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். மரத்தின் தண்டே நெம்புகோல். சாயும் மரம் திரும்புகிற அச்சு நிலமட்டத்துக்கு இரண்டடி கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஓரடி உயரத்தில் வடத்தைக் கட்டி இழுத்தால் அவ்விசைக்குக் கிடைக்கும் கையின் நீளம் மூன்றடி, பத்தடி உயரத்தில் கட்டினால் பன்னிரண்டடி. அதே ஆட்கள், அதே வடம், பலன் நான்கு மடங்கு. சுற்றிலும் மண்ணைத் தோண்டி, பக்கவேர்களைத் தறித்துத் தனியே எடுத்துவிட்டு, உயரத்தில் கட்டி இழுத்தால், மரம் தன் பாரத்தினாலேயே தன் வேரைப் பெயர்த்துக்கொண்டு சாயும். வீட்டுக்கொல்லையில் ஒரு மாமரத்தை எடுக்க நினைப்பவருக்கும் இது பொருந்தும். அடியில் அறுக்கும் அவசரத்தால் ஒரு நாள் வேலை ஒரு வாரமாவதை நான் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மரத்தை எடுப்பதென்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: அடியில் வளையமாகப் பட்டையை உரித்துவிட்டு, மரம் பட்டுப்போகும்வரை காத்திருப்பார்கள். இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்காது. வேர் தன் சேமிப்பிலிருக்கும் மாவுச்சத்தைத் தின்று தீர்த்துவிடும். நோய்ப் பூஞ்சணத்துக்கு விருந்து எஞ்சாது. நியாசாலாந்தில், அதாவது இன்றைய மலாவியில், லீச் என்னும் ஆய்வாளர் 1930களில் தேயிலைத் தோட்டங்களுக்காக நிலைநாட்டிய முறை இது.

அலவாங்குக்கு மசியாத கட்டைகளுக்குக் கைவிஞ்சு இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டிரெந்தம் என்ற சிற்றூரில் டிரெவெல்லா சகோதரர்கள் செய்து உலகெங்கும் அனுப்பிய 'மங்கி' என்னும் விஞ்சு அவ்வகையில் கீர்த்தி பெற்றது. நீண்ட கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, இரும்புவடம் உருளையில் அங்குலம் அங்குலமாகச் சுற்றும். பற்கட்டை ஒன்று அதைப் பின்னோக்கி நழுவாமல் பிடித்துக்கொள்ளும். யந்திரத்தை நங்கூரமிட மற்றொரு கட்டையையே பயன்படுத்துவார்கள்; பலமான கட்டையில் பூட்டி பலவீனமானதை முதலில் இழுப்பார்கள். இறுகிய வடம் அறுந்தால் சாட்டைபோல் வீசும். ஆதலால் அதன் நேர்வரிசையில் எவரும் நிற்கலாகாது.

புல்டோசர் இருக்க இத்தனை பாடு எதற்கு என்று பட்டணத்து நண்பர்கள் கேட்பார்கள். ஹற்றன், பொகவந்தலாவைச் சரிவுகளைக் காலால் ஏறிப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். நிற்பதற்கே ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக வேண்டியிருக்கும் இடத்தில் கனரக யந்திரம் ஏறாது. ஏறினாலும் அது புரட்டிப்போடும் மேல்மண் அடுத்த மழையில் வடிகானோடு போய்விடும். ஓர் அலவாங்கு கிளப்புவது ஒரு கட்டையளவு மண்ணைத்தான்.

அந்தக் காலையில் பெரியவர் வேலை செய்த விதத்தை நான் மறக்கவில்லை. தாங்குகட்டை ஈரமண்ணில் புதைந்துபோகாதபடி அதன் கீழே பலகைத் துண்டொன்றை இட்டார். கட்டை ஓர் அங்குலம் எழுந்தவுடனே ஒரு கல்லை இடுக்கில் தள்ளி, பெற்றதைக் காப்பாற்றிக்கொண்டு, அலவாங்கை உருவி மறுபக்கம் போனார். நாலு பக்கமும் மாறி மாறி, அங்குலத்துக்கு ஒரு கல். சரிவின் கீழ்ப்பக்கம் ஒருவரையும் நிற்கவிடவில்லை. கொழுந்தெடுக்கப் போன பெண்கள் இருவர் அவ்வழியே வந்தபோது, "ஆத்தா, மேல சுத்திப் போங்க," என்று கையைக் காட்டி நிறுத்தினார். பத்தாவது கல்லில் ஆணிவேர் செம்மண் ஒட்டியபடி நீளமாக வெளியே வந்தது. முனைவரை விரலால் தடவிப் பார்த்து, அறுபடவில்லை என்று கண்ட பிறகே அதைக் கீழே போட்டார். அன்றைய பேருக்கு, அதாவது நாட்கூலிக்கு, எத்தனை கட்டை என்றுதான் கணக்கில் எழுதுவார்கள். வேர் முழுதாக வந்ததா என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

மத்தியானத்துக்குள் இளைஞனே பலகையை இடவும் கல்லைத் தள்ளவும் பழகிவிட்டான். கிளப்பிய கட்டைகளையும் மிலாறு என்னும் தேயிலைச் சுள்ளிகளையும் கட்டிச் சுமந்து, பெண்கள் லயத்து அடுப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். மேல்வரிசையில், குழிகளை மூடி முடித்த இடத்தில், குவாட்டமாலாப் புல் நடத் தொடங்கியிருந்தார்கள். கன்று வைப்பதற்கு முன் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் அந்தப் புல்லே மலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.