வாழைப்பழத்தில் ஊசி

தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை ஔவைக்குக் காட்டினான். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக வந்திருந்தவர் அவர். பார்த்து மிரளட்டும் என்று நினைத்திருப்பான் போலும். ஔவை மிரளவில்லை, பாராட்டினார். உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக்கொண்டு காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, எந்நேரமும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன என்றார். போரையே பார்க்காத ஆயுதங்கள் என்று ஒரு சொல்கூட வெளிப்படையாக இல்லை.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. பாட்டின் கீழே பழங்காலத்தவர் எழுதி வைத்த சிறு குறிப்புதான், இது தூது போன இடத்தில் பாடியது என்று சொல்கிறது. அந்த வரி மட்டும் அழிந்திருந்தால் ஏளனத்தைப் பாதிப்பேர் தவறவிட்டிருப்போம். வஞ்சப் புகழ்ச்சிக்குச் சூழல்தான் உயிர்.

புகழ்வது போல் பழிப்பதையும், பழிப்பது போல் புகழ்வதையும் இலேச அணியோடு சேர்த்துப் பேசுகிறது தண்டியலங்காரம். முதல் வகைக்கு ஆசிரியர்கள் கைவசம் வைத்திருப்பது 1073ஆம் குறள். கயவர்கள் தேவர்களுக்குச் சமம் என்று வள்ளுவர் ஏற்றிவிட்டு, காரணமும் சொல்கிறார்: இருவரும் மனம்போன போக்கில் நடப்பவர்கள்.

இரண்டாம் வகைக்கு நிந்தாஸ்துதி என்று பெயர். இதை ஒட்டி, காளமேகப் புலவர் பேரில் சுவையான கதை ஒன்று உண்டு. நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் சோறு வரத் தாமதமாம். பொழுது சாயும்போது அரிசி வரும், உலையில் இடும்போது ஊர் அடங்கும், ஓர் அகப்பை இலையில் விழ விடிவெள்ளி முளைக்கும் என்று பாடிவிட்டார். காத்தான் கலங்கிப்போக, அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னாராம்: உணவே அற்ற காலத்திலும் இங்கே அரிசி வரும், உலையில் இட்டால் ஊரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மை முன் விடிவெள்ளியும் நாணும். ஒரு சொல்லும் மாறவில்லை!

மாற்றிச் சொல்வதெல்லாம் ஏளனம் ஆகிவிடாது. நஞ்சுள்ள பாம்பை நல்ல பாம்பு என்பதும், இறந்தவரைத் துஞ்சினார் என்பதும் நன்னூல் சொல்லும் மங்கல வழக்கு. அங்கே குத்தல் இல்லை; அச்சமும் மரியாதையுமே இருக்கின்றன. விடிந்து வெகுநேரம் கழித்து எழும் மகனிடம், "வாங்க துரை, அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்களா?" என்று அம்மா கேட்கிறாரே, அது குத்தல். ஆள் எதிரில் இருப்பார், வலிக்கவும் வேண்டும். ஒருவரை விட்டு ஊரையோ காலத்தையோ சாடும்போது அதை அங்கதம் என்கிறோம். தொல்காப்பியர் அதையும் இரண்டாகப் பிரிக்கிறார்: வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம், மறைத்து வைவது பழிகரப்பு அங்கதம்.

சிரிப்பு பிறக்கும் இடங்களாகவும் அவர் நான்கைச் சொல்லியிருக்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பது எள்ளல்.