பழைய பத்திரிகையும் பாடசாலை நிதியும்

வாசித்து முடித்த பத்திரிகைக்கு எங்கள் வீடுகளில் வேலைக்குக் குறைவில்லை. அலுமாரித் தட்டில் விரிக்கவும், பாடநூலுக்கு உறை போடவும், கருவாடு பொதியவும் அதுவே உதவுகின்றது. எஞ்சியது அடுப்பெரிக்கப் போகும். அவ்வாறு போகும் தாள்களை ஊர்கூடிச் சேர்த்து, நிறுத்து விற்று, பாடசாலை நூலகம் போன்ற பொதுக் காரியமொன்றுக்குப் பணம் தேடுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

காகிதத்தின் அருமையை நாம் உணர்ந்த காலம் தொலைவில் இல்லை. 2022 மார்ச் மாதத்தில் காகிதமும் அச்சு மையும் கிடையாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அதே மாதத்தில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகள் தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. வாங்க அந்நியச் செலாவணி இல்லாவிடில் வினாத்தாளும் இல்லை என்பதை அன்று சிறு பிள்ளைகளும் அறிந்தனர்.

இனிக் கணக்குக்கு வருவோம். இம்முயற்சி பெரும்பாலும் தளர்வது ஊக்கக் குறைவால் அன்று, கணக்குப் பாராமையால். இருபத்து நான்கு பக்கம் கொண்ட நாளிதழ் ஒன்று ஏறக்குறைய 120 கிராம் நிறையுடையது. நாள்தோறும் அதனை வாங்கும் வீட்டில் ஓர் ஆண்டில் 40 கிலோ சேரும். அத்தகைய இருபத்தைந்து வீடுகள் இருந்தால் ஒரு தொன். ஆனால் மடுப் பகுதியின் நிலை வேறு. பண்டிவிரிச்சான், பாலம்பிட்டி, இரணை இலுப்பைக்குளம் என்று காட்டினூடே பரந்து கிடக்கும் ஊர்கள் எங்களுடையவை. ஞாயிறு இதழை மட்டும் வாங்கும் வீடுகளே இங்கு மிகுதி. அத்தகைய வீட்டில் ஆண்டு முழுவதும் சேர்வது 10 கிலோ அளவே. ஆகவே ஒரு தொன்னுக்கு நூறு வீடுகள் வேண்டும்.

இதனால் விளைவது யாதெனில், தனியொரு பாடசாலை சேர்க்கும் தாளை வவுனியாவுக்கோ மன்னாருக்கோ ஏற்றிச் செல்லும் கூலியே விற்ற பணத்தை விழுங்கிவிடும். நான்கைந்து பாடசாலைகள் ஒன்றுசேர்ந்து, மதவாச்சி–தலைமன்னார் வீதியை அண்டிய ஓரிடத்தில் பொதுக் களஞ்சியம் வைத்து, ஒரே தடவையில் லொறி ஏற்றினாலன்றிப் பயனில்லை. அரச அலுவலகங்களையும் வங்கிகளையும் கேட்டுப் பாருங்கள். அங்கே ஓரிடத்தில் கிடைப்பது இருபது வீடுகளில் கிடைப்பதற்குச் சமம். சேர்க்கத் தொடங்குமுன்பே வாங்குபவரிடம் விலை பேசிவிட வேண்டும். இதை மறந்த சங்கங்கள் தாளைக் குவித்து வைத்துக் கறையானுக்கு ஊட்டுகின்றன.

காலமும் முக்கியம். ஐப்பசி பிறந்தால் மழை. நனைந்த தாளை வணிகர் ஒன்றில் தள்ளுவர், அன்றேல் விலை குறைப்பர். ஆகையால் ஓகஸ்ட் 15ஆந் திகதி மடுத் திருவிழா முடிந்ததும் தொடங்கி, செப்டெம்பருக்குள் விற்றுவிடுதல் நன்று. திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் அடியார் வருகின்றனரே, அவர்கள் விட்டுச்செல்லும் தாள் போதாதா என்று சிலர் கேட்பர். சோறும் எண்ணெயும் பட்ட தாள் அது, ஆலைக்கு உதவாது.

ஏன் உதவாது? பழைய தாளை நீரிலிட்டுக் கூழாக்கி, சவர்க்காரம் போன்ற பொருள்களைக் கலந்து காற்றுக் குமிழிகளைச் செலுத்துவர். மை குமிழியோடு நுரையாய் மேலெழும், அதனை வழித்தெடுப்பர். எண்ணெய் நாரில் ஊறிவிட்டால் அக்கூழிலிருந்து நல்ல தாள் செய்ய இயலாது. அச்சிட்ட தாளிலிருந்து புதுத்தாள் செய்யலாம் என்பதை 1774ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டவர் ஜெர்மானியச் சட்டப் பேராசிரியரான யுஸ்டுஸ் கிளாப்ரொத். சட்டம் படித்தவருக்குத் தாளின்மேல் அக்கறை வந்தது வியப்பன்று! ஒரே நாரை ஐந்து முதல் ஏழு தடவை வரை இவ்வாறு பயன்படுத்தலாம். பின்னர் அது குறுகி வலுவிழந்துவிடும்.

ஜப்பானில் சிறுவர் கழகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் குறித்த நாளில் தெருவோரத்தில் தாள் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். வணிகர் தரும் விலையோடு, கிலோவுக்கு இவ்வளவு என்று நகரசபைகளும் ஊக்கத்தொகை வழங்குகின்றன. அவ்வூக்கத்தொகையே எனக்கு முக்கியமாகப் படுகின்றது. தாளின் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனா தரம் பிரிக்காத கழிவுத்தாளின் இறக்குமதியைத் தடைசெய்தபோது மேலைநாடுகளில் அதன் விலை சரிந்தது. எங்கள் பிரதேச சபைகள் பணம் தராவிடினும் உழவு இயந்திரத்தையும் பெட்டியையும் ஒருநாள் இரவல் தரலாமல்லவா?

வடை, கருவாடு பொதிவதற்கென்று கடைக்காரர் சில வேளை கூடிய விலை தர முன்வருவர். அதற்குப் பாடசாலை இணங்கலாகாது என்பது என் துணிபு. அச்சு மை உணவில் கலப்பது உடலுக்குக் கேடு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016ஆம் ஆண்டில் எச்சரித்துள்ளது. பிள்ளைகளுக்குச் சுகாதாரம் போதித்துவிட்டு அவர்கள் கையாலேயே அந்தத் தாளை விற்பிப்பது முறையன்று.

நிறுக்கும்போது பெற்றோர் இருவரும் மாணவர் இருவரும் தராசருகே நிற்கட்டும். நிறை, விலை, கூலி, மீதி ஆகிய நான்கையும் அன்றைக்கே கரும்பலகையில் எழுதிவிட்டு, பணத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கிலிட வேண்டும்.

கட்டு ஏற்றுமுன் இன்னொன்றும் உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது பழைய பத்திரிகைகளும் அழிந்தன. ‘ஈழநாடு’ பணிமனையும் அவ்வேளையில் எரிந்தது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த எங்கள் குடும்பங்கள் பலவும் வீட்டிலிருந்த தாள் ஒன்றையும் காக்க முடியவில்லை. ஆதலால் எவரேனும் ஒரு பெட்டியில் 1990க்கு முந்திய ‘வீரகேசரி’யையோ ‘தினகரனை’யோ, நின்றுபோன சிற்றிதழ் ஒன்றையோ கொண்டுவந்தால் அதனைத் தராசில் வைக்காதீர்கள். தனியே எடுத்து, உரியவரின் சம்மதத்துடன் பல்கலைக்கழக நூலகத்துக்கோ, ஈழத்து ஏடுகளை மின்வடிவில் பேணிவரும் நூலக நிறுவனத்துக்கோ அறிவியுங்கள். தாள் பிரிக்கும் மேசையில் வாசிப்பில் நாட்டமுள்ள மூத்தவர் ஒருவரை அமர்த்தினால் போதும். அவர் வாசித்துக்கொண்டே இருந்து வேலையைத் தாமதிப்பார், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.