வாளுக்கு முன் சோறு

கணிப்பொறியில் ஆடும் போர் விளையாட்டொன்றை நீங்களே வகுக்கப் புகுந்தால், முதலில் எழும் வினா இது: வீரன் எவ்வாறு உருவாகிறான்? பொத்தானை அழுத்தியதும் தோன்றுவான் என விதித்துவிடலாம். ஆனால் எளிதில் வந்த வீரனை இழப்பதும் எளிது. அவனுக்காக எவரும் வருந்தார்.

ஜெர்மனியின் ‘புளூ பைட்’ நிறுவனத்தார் 1996இல் வெளியிட்ட ‘தி செட்லர்ஸ் 2’ வேறு வழி கண்டது. அதில் ஒருவன் படையிற் சேர வாளும் கேடயமும் பீரும் வேண்டும். வாளுக்கு இரும்பும் நிலக்கரியும் வேண்டும். இரும்புக்குத் தாது வேண்டும். தாதுவை வெட்டுவோர்க்கு மீனோ இறைச்சியோ ரொட்டியோ வேண்டும். உணவு குன்றினால் சுரங்கம் ஓயும்; சுரங்கம் ஓய்ந்தால் பாசறை வெறுமையாகும். அதனை ஆடித் தோற்ற என் பெயரன், “வீரர் போதவில்லை, தாத்தா” என்றான். இருவரும் ஆராய்ந்தோம், போதாதது ரொட்டி!

பயிற்சிக்கு வழி வேறு. வீரர்க்குத் தரங்கள் ஐந்து. மேல்தரம் ஏறப் பொற்காசு வேண்டும். பொன்னைக் காசாக்கவும் நிலக்கரியே வேண்டும். ஆகவே இரும்புலை, படைக்கலச் சாலை, அக்கசாலை ஆகிய மூன்றும் ஒரே கரிக்குக் கையேந்தி நிற்கின்றன. புதிய வீரர் பலரா, தேர்ந்த வீரர் சிலரா என்பதை ஆடுவோனே முடிவு செய்தல் வேண்டும்.

விளையாட்டின் உயிர் இம்முடிவில் உள்ளது. படைக்கலத்துக்கும் பயிற்சிக்கும் தனித்தனி வழி வகுங்கள். அவ்விரு வழிகளும் ஏதேனும் ஓர் அரும்பொருளை நாடி வந்து சந்திக்கட்டும். அப்போது ஆடுவோன் வாளைத் தூக்குமுன் உழவனை நினைப்பான்.