கிருமியை வாசலிலேயே நிறுத்தும் சிறு புரதம்



தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நமது மதுரையில், அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அந்நோய்க்கு உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் சபைகளிலும் உண்டு. "மறுபடியும் அப்படி ஒரு நோய் வந்தால் கையில் என்ன மருந்து இருக்கும்?" என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை தேடும் ஆய்வுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே நடந்துள்ளது. அதை இங்கே எளிய முறையில் விளக்க விரும்புகிறோம்.

கொரோனா கிருமியின் மேற்புறத்தில் முள் முள்ளாகச் சில புரதங்கள் துருத்தி நிற்கின்றன. இவற்றை ஸ்பைக் புரதம் என்பர். நம் உடலின் உயிரணுக்கள் பலவற்றின் மேல் ஏ.சி.இ.2 என்னும் வேறொரு புரதம் இருக்கிறது. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் முள்ளின் நுனி இதனோடு பொருந்தினால்தான் கிருமி உள்ளே புக முடியும். நுனியை வேறொன்று முந்திக்கொண்டு பற்றிவிட்டால், கிருமி வாசலிலேயே நின்றுவிடும்.

அவ்வாறு பற்றக்கூடிய சிறு பொருள்தான் பெப்டைடு. மணிகளைக் கோத்த மாலைபோல், அமினோ அமிலங்களைக் கோத்தால் கிடைப்பது புரதம். ஸ்பைக் புரதத்தின் ஓர் இழையில் 1,273 மணிகள் உள்ளன. குட்டையான மாலையே பெப்டைடு. சர்க்கரை நோயாளிகள் நன்கறிந்த இன்சுலினில் இருப்பவை 51 மட்டுமே. 2020இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் குழுவினர், ஸ்பைக்கின் நுனியை இறுகப் பற்றும் 56 மணிகள் கொண்ட ஒரு சிறு புரதத்தைக் கணினியின் துணையால் வடிவமைத்தனர். புதிய புரதங்களை வடிவமைக்கும் பணிக்காக பேக்கர் 2024இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஜெயந்த சட்டர்ஜி குழுவினர் வேறொரு வழியைக் கண்டனர். அவர்கள் செய்த பெப்டைடு கொண்டை ஊசிபோல் வளைந்தது. இரண்டு ஊசிகள் ஒன்றோடொன்று இணைந்து, இரு முகமுள்ள ஒரு கட்டாகின்றன. ஒரு முகம் ஒரு முள்ளைப் பற்ற, மறுமுகம் இன்னொரு முள்ளைப் பற்றுகிறது. இதனால் இரண்டு முட்களும் ஒருங்கே முடங்குகின்றன. கிருமிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. எஸ்.ஐ.எச்-5 எனப் பெயரிட்ட இதனை முன்னதாகக் கொடுத்துப் பின்பு கிருமியைச் செலுத்தியபோது, ஹாம்ஸ்டர் என்னும் சிறு எலிகள் எடை குறையவில்லை. அவற்றின் நுரையீரல் பாதிப்பும் குறைவாகவே இருந்தது. இம்முடிவுகள் 2022இல் வெளியாயின.

நமது வட்டாரத்திற்கு இதில் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. இப்புரதத்தைச் சாதாரண அறை வெப்பத்திலேயே பல மாதங்கள் கெடாமல் வைக்கலாம் என்று ஆய்வாளர் கூறுகின்றனர். சித்திரை வெயிலில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்து கொண்டு செல்வது எத்தனை பாடு என்பதை நாம் அறிவோம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலின் மண்பானைக் குளிர்ச்சியில்தான் காக்கப்படுகிறது. வெப்பத்தைத் தாங்கும் மருந்து என்றால் கடைசி வீடு வரை போய்ச் சேரும்.

ஆயினும் எலியைக் காத்தது மனிதரையும் காக்கும் என்று இன்றே சொல்லிவிட முடியாது. உடலில் எவ்வளவு நேரம் தங்கும், எந்த அளவில் கொடுப்பது, தீங்கு ஏதும் உண்டா என்பவற்றை மனிதரிடையே படிப்படியாகச் சோதித்தாக வேண்டும். கிருமி தன் முள்ளின் வடிவை அடிக்கடி மாற்றிக்கொள்வதும் ஒரு தடையே. எனவே இப்பெயரைச் சொல்லி எவரேனும் மாத்திரையோ மருந்தோ விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இன்று நம் கையில் இருப்பவை தடுப்பூசி, சோப்பிட்டுக் கை கழுவுதல், இருமும்போது வாயை மூடுதல், மூச்சுத் திணறல் கண்டவுடன் மருத்துவரிடம் வருதல் ஆகியவையே. வீட்டிலுள்ள முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இவற்றை நினைவூட்டுங்கள்.