லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

புதுக் கார் வாங்கியவரிடம் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஆனால் சிங்கப்பூர் ஷோரூமில் காரில் ஒட்டியிருக்கும் எரிபொருள் வில்லை கேள்வியைத் திருப்பிப் போடுகிறது: 100 கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர்? டீயைக் குடித்தபடியே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அண்ணனின் பழைய கார் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தது, 12 கொடுக்கும் காருக்கு மாறுகிறார். தம்பி 20 கொடுத்த காரை விட்டு 25 கொடுப்பதை வாங்குகிறார். பெட்ரோல் யாருக்கு அதிகம் மிச்சம்? 2 எங்கே, 5 எங்கே, தம்பிக்குத்தான் என்று யாருக்கும் வாயில் வரும். இருவரும் ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு 1,500 லிட்டர் 1,250 ஆகிறது, மிச்சம் 250. தம்பிக்கு 750 லிட்டர் 600 ஆகிறது; மிச்சம் 150தான்.

ஏன் இப்படி? ஒரு கிலோ அரிசி எத்தனை பேருக்கு வரும் என்பது ஒரு கேள்வி. 100 பேர் பந்திக்கு எத்தனை கிலோ போட வேண்டும் என்பது வேறு. கடைக்குப் போகிறவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். காரிலும் நாம் போகவேண்டிய தூரம் முன்பே முடிவாகிவிட்டது, தெரியவேண்டியது லிட்டர். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் இந்த மயக்கத்தை 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் எடுத்துக்காட்டினார்கள். அதிகம் குடிக்கும் வண்டியைச் சற்றே திருத்தினாலும் பெரிய லாபம் என்பதை இந்த மயக்கம் நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

சரி, வில்லையில் உள்ள எண் நம் ரோட்டில் கிடைக்குமா? எரிபொருள் செலவை அளக்கப் பல நாடுகளில் நடக்கும் டபிள்யூஎல்டிபி (WLTP) சோதனையில் கார் உருளைகள்மேல் 30 நிமிடம், சுமார் 23 கி.மீ. ஓடுகிறது, ஏர்கான் போடுவதில்லை. டோபி காட் சிக்னலில் மதிய வெயிலில் நிற்கும் காரில் ஏர்கான் ஓடுகிறது, எஞ்சின் ஓடுகிறது, தூரம் மட்டும் கூடுவதில்லை. ஆகவே அந்த எண் ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட உதவும். நம் செலவுக்கு உத்தரவாதம் ஆகாது.

நம் காரின் எண்ணை நாமே கண்டுபிடிக்கலாம். டேங்க்கை முழுக்க நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம். மறுமுறை நிரப்பும்போது 400 கி.மீ. ஓடியிருக்கிறது, 34 லிட்டர் பிடிக்கிறது என்றால் 100 கி.மீ.க்கு 8.5 லிட்டர். ஒரு தடவை நிரப்பியதை மட்டும் நம்ப வேண்டாம். நாலைந்து தடவை நிரப்பிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் தனித்தனியே கூட்டி வகுத்தால் சரியாக வரும்.