பாலையில் எதை விதைப்பது?

தார்ப் பாலைவனம் என்றவுடன் மணல்மேடும் ஒட்டகமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், குளிர்காலத்தில் இராஜஸ்தானின் வடமேற்குப் பகுதிக்குச் சென்றால், கடுகு பூத்து மஞ்சள் விரித்தாற்போன்ற வயல்களைக் காணலாம். அவற்றுள் பலவற்றுக்கு நீர் தருவது இந்திரா காந்தி கால்வாய். பஞ்சாபில் சட்லெஜ், பியாஸ் ஆறுகள் கூடும் ஹரிகே என்னும் இடத்தில் அது தொடங்குகிறது. 1958ஆம் ஆண்டில் தொடங்கிய பணி நெடுங்காலம் நீண்டது. 1987ஆம் ஆண்டில்தான் கால்வாய் நீர் ஜெய்சால்மர்ப் பகுதியை எட்டியது.

ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊர்கள் அங்கு உள்ளன. அத்தகைய நிலத்தில் வாய்க்கால் நிறைய நீர் ஓடினால் உழவர் என்ன செய்வர்? பருத்தி, கோதுமை, நிலக்கடலை எனப் பணம் தரும் பயிர்களை விதைத்து, நீரைத் தாராளமாகப் பாய்ச்சினர். தலைமுறை தலைமுறையாக நீருக்கு ஏங்கியவர்களை இதற்காகக் குறைகூற இயலாது.

இடர் மண்ணுக்கு அடியில் இருந்தது. பல இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் படிந்த கெட்டியான அடுக்கு உண்டு. பாய்ச்சிய நீர் அதைக் கடந்து இறங்க முடியாமல் தேங்கி, சிறிது சிறிதாக மேலேறியது. மண்ணிலிருந்த உப்பையும் கரைத்துக்கொண்டு வந்தது. வெயிலில் நீர் ஆவியாகியபின் உப்பு மட்டும் வெண்மையாகப் படிந்தது. நீரின்றி விளையாதிருந்த நிலம், நீர் மிகுந்ததால் விளையாமற் போயிற்று. சில ஊர்களில் வயல்கள் சதுப்பு நிலமாகவே மாறின.

ஆகவே, இத்தகைய நிலத்தில் பயிரைத் தேர்வதற்குமுன் நீரின் அளவையும் மண்ணின் உப்பையும் அறிய வேண்டும். நெல்லுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் நீர் தேவை. கம்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். கம்பு மூன்று மாதத்திற்குள் அறுவடைக்கு வந்துவிடும். கொத்தவரையும் மோத் என்னும் பயறும் சிறிதளவு மழையிலேயே காய்க்கும். நீங்கள் விரும்பி உண்ணும் பிகானேர் புஜியா அந்த மோத் மாவில் செய்யப்படுவதே! குளிர்காலத்தில் கடுகுக்கு இரண்டு மூன்று முறை நீர் பாய்ச்சினால் போதும். உப்பேறிய மண்ணில் கொண்டைக்கடலை வாடிவிடும். வாற்கோதுமை தாங்கி நிற்கும்.

பேரீச்சை நீரே இல்லாமல் வளரும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அம்மரம் உப்பையும் வெயிலையும் தாங்குமேயன்றி, அதன் வேருக்கு நீர் வேண்டும். அதனால் நீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகின்றனர். இலந்தை இன்னும் சிக்கனமானது. மழைக்காலத்தில் பூத்துக் குளிர்காலத்தில் பழம் தரும். கடுங்கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கும். அப்போது அதற்கு நீர் தர வேண்டியதில்லை. ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் நல்ல இலந்தை வகைகளைத் தேர்ந்து உழவர்களிடம் பரப்பியுள்ளது.

வயலின் நடுவே ஆங்காங்கே ஒரு முள்மரம் நிற்பதையும் காணலாம். அங்கே அதைக் கேஜ்ரி என்பர். நம் மொழியில் அதுவே வன்னி. விருத்தாசலம் கோயிலின் தலமரமும் இதுதான். அதன் வேர் ஆழத்திலுள்ள நீரைத் தேடிச் செல்லும். உதிரும் இலை மண்ணுக்கு உரமாகும். தழையை ஆடும் ஒட்டகமும் தின்னும்; காயைச் சாங்கிரி என்று கறி சமைப்பர். ஆதலால் உழவர் அதை வெட்டாமல், அதைச் சுற்றியே ஏரோட்டிக் கம்பு விதைக்கின்றனர்.