மொட்டைத் தலையும் முழங்காலும்

மழை பெய்கின்றது, ஆதலால் குடை பிடிக்கிறோம். இங்கே முன்னதிலிருந்து பின்னது பிறக்கின்றது. பிறவாததைப் பிறந்ததாகக் காட்டுவதையே மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுதல் என்கிறோம்.

நகைச்சுவையில் இம்முடிச்சு இன்பந்தரும். 1989இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' திரைப்படத்தில், இரண்டு வாழைப்பழம் வாங்கச் சென்ற செந்தில் ஒன்றையே கொடுக்கிறார். மற்றது எங்கே என்று கவுண்டமணி வினவ, கொடுத்த பழமே அம்மற்றப் பழம் எனச் சாதிக்கிறார். விடை வினாவோடு பொருந்தாமையாற் சிரிக்கிறோம்.

வாதத்திலோ அது குற்றம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஏதுப்போலி முதலிய குற்றங்களை வகுத்துரைக்கிறார். காரணம்போலத் தோன்றிக் காரணமாகாததே ஏதுப்போலி.

கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு 101ஆம் சட்டப்படி, மொன்றியலில் நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிரெஞ்சு மொழியிற் கற்கின்றனர். "ஆதலால் தமிழ் வேண்டாம்" என்கின்றனர் பெற்றோர் சிலர். சென்ற ஆண்டு எம் வகுப்பில் ஒரு சிறுமியின் இருக்கை இவ்வாறே வெறுமையாயிற்று. பிரெஞ்சு வேண்டும் என்பதிலிருந்து தமிழ் வேண்டாம் என்பது எவ்வாறு பிறக்கும்? ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசியில் அழைக்கும்போது அவள் எம்மொழியில் மறுமொழி சொல்வாள்?

'ஆதலால்' என்ற சொல்லைக் கேட்குந்தோறும், முன்னும் பின்னும் பொருந்துகின்றனவா எனப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவோம், நாமும் பழகுவோம்.